காரணம் தெரியாது என்று சொல்லத் துணிந்த மருத்துவர் மினெகிஷி கயோகோ அவர்களுக்கு

சிவந்த கண்ணையும் வெடித்த உதட்டையும் கண்ட மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லும் நுண்ணறிவே, அழும் பிள்ளைக்கு முன்னே தரையில் அமர்ந்துவிடும் அன்பே, அறிக்கை தாமதமானால் எங்களை வறுத்தெடுக்கும் அனலே, எங்கள் குழந்தைகள் பிரிவின் தலைவியே, வணக்கம்.

இந்தப் பணி ஓய்வு விழாவே வேண்டாம் என்றீர்கள். "குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் ஏன் வீங்குதுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்காதவளுக்குப் பாராட்டு ஒரு கேடா?" என்று செவிலியர் அறையில் சீறினீர்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் உங்களை எதிர்த்து ஒரு சொல் பேசாத நாங்கள், இன்று மட்டும் பேசப்போகிறோம். பொறுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் தொயாமா விரிகுடாவில் பனி இறங்கும் காலமெல்லாம், காய்ச்சலில் தொடங்கி ரத்தக்குழாயை வீங்கவைக்கும் கவாசாகி நோயோடு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு தாயிடமும் உங்கள் கேள்வித்தாளை நீட்டினோம். முன்பு சளி பிடித்திருந்ததா, உடன்பிறந்தவருக்கு வந்ததா, கடல் தாண்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, வீட்டுக் கம்பளத்தை அண்மையில் கழுவினீர்களா. கிருமி, பரம்பரை, காற்று, தூசி என்று மருத்துவ உலகம் சந்தேகித்த எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

மறைக்க மாட்டோம், அந்தத் தாள் ஒரு தாயைத் தைத்தது. இரண்டு வயது சிஹோவின் தாய் குவாபாரா மியே, கம்பளக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியவர், அதையே காரணமென்று எடுத்துக்கொண்டார். "நீ கழுவுன கழுவுல என் பேத்தி நெஞ்சே பழுதாப் போச்சு" என்று மாமியார் குத்த, எங்கள் முகத்தில் விழிக்கவே கூசிப்போனார். இதய ஸ்கேனுக்குக் குழந்தை வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

கொட்டும் பனியில் பேருந்து பிடித்து அவர் வீட்டுக்கே போனீர்கள். உடன் வந்தவள், இம்மடலை எழுதும் தலைமைச் செவிலி ஹொரிகோஷி. வாசலிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட அந்தத் தாயை வணங்கினீர்கள்.

"எங்களுக்குத் தெரியாததாலதான் கேட்டோம்மா. உங்க மேல தப்புன்னு கேக்கல. காரணம் எனக்குத் தெரியாது."

"டாக்டரே தெரியாதுன்னா எப்படி?" என்றார் மாமியார்.

"தெரியாதுதாங்க. மருமகளைத் திட்டுறதை விட்டுட்டுக் குழந்தைக்கு ஸ்வெட்டரைப் போடுங்க. கிளம்பணும்."

அன்றைய ஸ்கேனில் இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று புடைத்திருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. உரிய வேளையில் மருந்து கிடைத்தது. ஓராண்டில் வீக்கம் வடிந்தது.

மறுநாளே கேள்வித்தாளின் தலைப்பில், ‘காரணம் இன்னும் தெரியவில்லை, இதில் எதுவும் உங்கள் தவறு அன்று’ என்று உங்கள் கைப்பட எழுதினீர்கள். அதன்பின் வந்த தாய்மார் அஞ்சாமல் பேனாவை எடுத்தார்கள். அவர்கள் மனம்விட்டு எழுதிய தாள்களைத்தான் இன்று ஆய்வாளர்கள் எங்களிடம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். உங்களோடு பணிபுரிந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அடங்காத பெருமை.

நோயின்றி நெடுநாள் வாழுங்கள். வெந்நீர் ஊற்றில் குளியுங்கள், விடியும்வரை உறங்குங்கள், எங்களைத் திட்டவேனும் அவ்வப்போது வந்து போங்கள்.

நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று வருந்துவதைக் குவாபாரா அம்மையாரிடம் சென்ற வாரம் சொன்னோம். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஒண்ணு கண்டுபிடிச்சாங்களே," என்றார். "காரணம் நான் இல்லைன்னு."

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
குழந்தைகள் பிரிவுப் பணியாளர்கள்