ஆறாம் அடுக்கு நிறைஞ்சிருக்கு

டீயில சர்க்கரை போடாதீங்க சார், ஒத்துக்காது. இத்தனை நாளா யாரும் கேக்கல. நீங்க கேட்டீங்க, சொல்றேன்.

கம்ப்யூட்டர்மேல எனக்குக் கோவம் கிடையாது. மூட்டைக்கு நேரா துப்பாக்கி மாதிரி ஒண்ணக் காட்டினா கணக்கு ஏறும். பாக்க வேடிக்கையாத்தான் இருந்துச்சு.

எங்க மொதலாளி நடனசபாபதிக்குச் சிதம்பரத்துல மளிகைக் கடை. வடலூர், கடலூர்னு கிளை போட்டதும் என் தலைக்குள்ள இருந்த குடோன் அவருக்குப் பத்தல. சென்னை மெஷினா, பெங்களூர் மெஷினான்னு ஒரு மாசம் பேசி, பெங்களூரை ஓட்டிப் பாக்கலாம்னார். அதோட வந்தவர் தேவசகாயம். பொண்டாட்டி மோனிகாவோட இங்கயே வாடகைக்கு வந்துட்டார். தங்கமான மனுஷன். முப்பது வருஷம் என் இடுப்புல கெடந்த சாவியை வாங்கி அவர்கிட்ட கொடுத்தாங்க.

எங்க குடோன்ல 'இல்ல'ன்னு சொல்ல மாட்டோம். தீந்துபோனா 'நிறைஞ்சிருக்கு'ன்னுதான் சொல்லணும். மொதலாளியோட அம்மா போட்ட சட்டம். ஒருநாள் தேவசகாயத்துக்கிட்ட என் காலி வெத்தலப் பையைக் காட்டி, "நிறைஞ்சிருக்கு"ன்னேன். "அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க பெரியவரே"ன்னு கையை நீட்டினார் மனுஷன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். பெங்களூர்ல வளந்தவருக்கு அது தெரியல.

அடுத்த வாரம் சரக்குக் கணக்கை மெஷின்ல ஏத்தினார். முன்னால மூட்டை மறைச்சு நின்னுச்சு.

"பின்னால ஆறாம் அடுக்குல பொன்னி அரிசி?"

"நிறைஞ்சிருக்கு."

அடுக்கு நிறைஞ்சா அறுபது மூட்டைன்னு தட்டிக்கிட்டார்.

தைப்பூசத்துக்கு வடலூர்ல அன்னதானம். மெஷினை நம்பி மொதலாளி அறுபது மூட்டைக்கு வாக்குக் கொடுத்தார். லாரி வந்து நின்னப்ப ஆறாம் அடுக்குல பல்லிதான் இருந்துச்சு.

"மூட்டை இருந்துச்சாய்யா கலியமூர்த்தி?"

"அவர் எழுதறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன் மொதலாளி."

அதுல பொய் எங்க இருக்கு? சாவி அவர்கிட்ட இருந்துச்சு, அதனால மூட்டையைத் திருடிட்டார்னு போலீசு அவரைப் புடிச்சுது. "எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான்"னு கையைப் புடிச்சுக்கிட்டார். மெஷினும் ஊர் போய்ச் சேந்துச்சு. சாவி இதோ, இடுப்புல.

மாசாமாசம் கேப்பர் மலை ஜெயிலுக்குப் பூவம்பழம் வாங்கிட்டுப் போவேன். வேற யாரு போறா? போன தடவை கம்பிக்குள்ளேருந்து கேட்டார்: "வீட்டுக்குப் போனீங்களா? மோனிகாவுக்குச் சாப்பாட்டுக்கு அரிசி இருக்கா?"

போயிருந்தேன் சார். அந்தப் பொண்ணு அரிசி டப்பாவக் கவுத்துக் காட்டுச்சு.

நான் பொய் சொல்றவன் இல்ல. "நிறைஞ்சிருக்கு"ன்னேன். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்துல!