சிவப்புப் பசை

பட்டறையில் சத்தம் போட்டுப் பேசினால் எனக்குப் பிடிக்காது, ஐயா. எஞ்சின் பேசுகிற இடத்தில் மனிதன் குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான் மரியாதை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி நான் கண்ணை மூடினால், டீ குடிப்பவர்கள்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிடுவார்கள். என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது அவர்கள்தான். நானாக வைத்துக்கொண்டது இல்லை. பெயர்ப்பலகையில் ஸ்டெதாஸ்கோப் வரையச் சொன்னது மட்டும் நான்.

என் தங்கையின் கணவர் என்னிடம்தான் வேலை பார்த்தார். நல்ல மனிதர், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். ஒரே குறை, எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அப்படிச் சொன்னால் கோபப்படக்கூட நமக்கு வழி இருக்காது.

செங்கல் சூளைக்காரர் தன் பழைய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மீட்டரின் முள் விழுந்துவிடுகிறதாம். முள் விழுந்தால் உள்ளே எண்ணெய் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகிவிடும். மழைக்கு முன்னால் கல்லையெல்லாம் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று மனிதர் பறந்துகொண்டிருந்தார். நான் காதை வைத்துக் கேட்டேன். வழக்கம்போல் நாலு பேர் கூடியிருந்தார்கள்.

"பேரிங் தேய்ஞ்சுபோச்சு. மொத்தமாப் பிரிச்சாகணும்" என்றேன்.

சூளைக்காரர் முகம் தொங்கிவிட்டது. "டாக்டரே, வேற வழியே இல்லையா?"

"என்னைக் கேக்காதீங்க. எஞ்சின் சொல்லுது, நான் சொல்லலை."

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மாப்பிள்ளை சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்.

"மச்சான், ஒரு நிமிஷம். பேரிங்னா, சூடானப்புறம் மெதுவா ஓடுறப்பதானே முள்ளு விழணும்? இது மெதுவா ஓடுனா நிக்குது, ரேஸ் பண்ணா விழுது. நிறுத்தி ஆறவிட்டா மறுபடி ஏறுது. அடியில எண்ணெய் இழுக்குற வலையை ஏதோ அடைச்சிருக்கு."

"ஜூஸ் குடிக்கிறப்ப ஸ்ட்ராவுல கொட்டை மாட்டிக்கிற மாதிரியா?" என்றார் சூளைக்காரர்.

"அதேதான். வேகமா இழுத்தா வந்து ஒட்டிக்கும், விட்டா விழுந்துடும்."

கூட்டத்தில் ஒருவன், "டாக்டரு ஆபரேஷன்ங்கறாரு, கம்பவுண்டரு மாத்திரையே போதும்ங்கறாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வலை என்று மாப்பிள்ளை சொன்னதுமே, அதில் என்ன மாட்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியைப் போன தடவை கழற்றி மாட்டியது நான். ஒழுகாமல் இருக்க அதன் விளிம்பில் பசை தடவுவோம். மற்றவர்கள் கோடு போட்ட மாதிரி மெல்லிசாகத் தடவுவார்கள். எனக்கு அந்தக் கஞ்சத்தனம் வராது. சிவப்புப் பசையைத் தாராளமாகப் பிதுக்குவேன். இந்த ஊரில் அந்தச் சிவப்பு விளிம்பைப் பார்த்தாலே டாக்டர் கை பட்ட வண்டி என்று சொல்லிவிடுவார்கள். வெளியே பிதுங்குவது உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது நாளடைவில் பிய்ந்து எண்ணெயில் விழும். அது என் தப்பு என்று சொல்ல முடியாது. பசையின் குணம்.

சூளைக்காரரும் மற்றவர்களும் சாப்பிடப் போனார்கள். "அவரு கை கழுவி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. எண்ணெயை வடித்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கினோம். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போக மாட்டார்கள். அச்சுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுப்பது வழக்கம். கட்டை வைப்பது என் வேலை.

"கட்டை வெச்சாச்சா மச்சான்?"

"வெச்சாச்சு மாப்பிள்ளை. போங்க."

கட்டை சுவரோரம் கிடந்தது. பொய் சொன்னேன் என்று எழுத வேண்டாம். வைக்கலாம் என்றுதான் இருந்தேன். வலையில் ஒரு கந்தல் துணி, ஒரு காகிதத் துண்டு, வேறு எது இருந்திருந்தாலும் நிச்சயம் வைத்திருப்பேன்.

அவர் தொட்டியை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் வலையைப் பிடித்தபடி ஒரு கை வெளியே நீண்டது.

"பாருங்க மச்சான். ஒரே சிவப்பு. நம்ம பசைதான்."

நம்ம என்றார், கவனியுங்கள். உங்க என்று சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனிதர். நான் வலையை வாங்கிக்கொண்டேன்.

"கவலையே படாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். சூளைக்காரர்கிட்ட கந்தல் துணின்னு சொல்லிக்கலாம்."

"தங்கச்சிகிட்ட?"

"அவகிட்ட மட்டும் சொல்லிக்கிறேனே. பாவம், டாக்டர் அண்ணன் டாக்டர் அண்ணன்னு என் உயிரை வாங்குறா. ஒரு நாள் சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஜாக் இறங்கிவிட்டது. பழைய ஜாக்.

வலை என் கையில் இருந்தது. டீசலில் ஊறவைத்து, சின்ன பிரஷால் ஒவ்வொரு கண்ணாகத் தேய்த்தேன். பசைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அடியிலிருந்து மாப்பிள்ளை மச்சான் என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை, கை மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது, ஐயா. வலைக்குக் காற்றடித்து, செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்துவிட்டுத்தான் தெருவுக்கு ஓடினேன். என் தங்கை வந்து என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை தொட்டியை இறக்கும்போதே வண்டி விழுந்துவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். "அப்ப இந்த வலையைக் கழுவி வெச்சது யாரு?" என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. இத்தனை பேர் வந்து போனார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு எஞ்சின் வேலை வரும்.

ஜாக்கை இறக்குகிற வால்வைத் திறந்தது நான்தான். அவர் உயிரோடு இருந்தபோதே தெரிந்துதான் கழுவிக்கொண்டிருந்தேன். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. உங்கள் ஆட்கள் அந்த எஞ்சினைப் பார்க்கும்போது பேரிங்கையும் ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்துதான் இருக்கும். அது தெரிந்துவிட்டால், அன்றைக்கு அவர் வண்டிக்கு அடியில் போயிருக்கவே வேண்டியதில்லை என்பது என் தங்கைக்கே விளங்கிவிடும்.