பதினொரு விநாடி

மாலை நாலரை மணி. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஒற்றையடிப் பாதை. பத்தடிக்கு அப்பால் மூடுபனி... ஆள் நடமாட்டம் இல்லை. அந்தப் பாதையில் யேசுரத்தினம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். மனைவி லூசியாவை அடக்கம் செய்து ஆறு நாள்.

தாஸிம், போர்வையை நீயே சுருட்டிக்கொள்ளாதே. கதை கேட்கிற எல்லாருக்கும்தான் குளிருகிறது.

அவர் தேடி வந்தது நிமலனை. நம் ஷெல்டனின் பெரியம்மா மகன். ஷெல்டன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

நிமலன் வீடியோ எடிட்டிங் கற்க ஆரம்பித்து மூன்று வாரம். குரு, யூடியூப். பாடம் பதினாறு நிமிடமென்றால் அதில் ஒன்பது நிமிடம் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வார்கள். மீதி ஏழில் அவன் வெட்டவும் ஒட்டவும் கற்றிருந்தான். முதல் வேலை ஒரு சடங்கு வீட்டு வீடியோ. அதில் பெண்ணின் தாய்மாமன் தாமரைப் பூவுக்குள் சுழன்று சுழன்று மறைந்தார். வீட்டார் அழுதார்கள்... பூரிப்பில்.

அதனால் லூசியாவின் அடக்க வீடியோவும் அவனிடமே வந்தது. மகள் சஜீவனி குவைத்தில் வீட்டு வேலை. லீவு கொடுக்கவில்லை. தாயின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கப்போவது அந்த வீடியோவில்தான்.

யேசுரத்தினம் பிஸ்கட்டை நிமலனின் மேசையில் வைத்தார்.

"தம்பி, அந்தத் தங்கச்சிக்காரி கத்துன எடத்த எடுத்துருங்க. புள்ள பாத்தா தாங்காது."

எந்த இடமென்று நிமலனுக்குத் தெரியும். லூசியா மழையில் லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து செத்ததாகத்தான் பேச்சு. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் தங்கை கத்தினாள்: "எங்க அக்கா வழுக்கி விழல மச்சான்! நீங்கதான் தள்ளுனீங்க!" பதினொரு விநாடி. பிறகு நாலு பேர் அவளை வெளியே இழுத்துப் போனார்கள்.

"சரி மாமா."

வெட்டினான். நீக்கினான். போட்டுப் பார்த்தார்கள். படம் கறுப்பாகிப் போனது... சத்தம் மட்டும் அப்படியே. "நீங்கதான் தள்ளுனீங்க!"

யேசுரத்தினத்துக்கு வேர்த்தது. "என்னா தம்பி இது?"

"பயப்படாதீங்க மாமா. ஸ்கிரீன்ல படம் மேல் கோட்டுல, சத்தம் கீழ்க் கோட்டுல. ஒன்ன மட்டும் அழிச்சிட்டேன். புதுசா படிக்கிறவங்க எல்லாரும் செய்ற பிழதான்."

கீழ்க் கோட்டையும் அழித்தான். மறுபடி போட்டான். கறுப்பு... அமைதி... ஐந்தாவது விநாடியில் ஒரு மூச்சு. நெஞ்சில் தண்ணீர் கட்டியது போல... கொரக்... கொரக். கோட்டில் ஒன்றுமே இல்லை. அறையில் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம். கரண்ட் இருந்தது. யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

இதற்குப் பாடம் இருக்கிறதா என்று யூடியூபில் தேடினான். இல்லை.

கறுப்பு இடைவெளியை இழுத்து மூடி, அவசரமாக எக்ஸ்போர்ட் பண்ணினான். யேசுரத்தினம் முதலிலிருந்து கடைசிவரை கண் இமைக்காமல் பார்த்தார். கத்தல் இல்லை. மூச்சும் இல்லை.

"அனுப்புங்க."

அனுப்பினான். இருவருக்கும் தேத்தண்ணி வந்தது. பாதி குடிப்பதற்குள் சஜீவனியின் வாய்ஸ் மெசேஜ்.

"போடுங்க தம்பி. எம்புள்ள கொரல கேக்கணும்."

ஷெல்டன், ஏன் தலை குனிகிறாய்?

"நிமலண்ணே... சித்தி சொன்னத கேட்டேன். அவங்க கத்துறப்போ பெட்டிக்குள்ள அம்மா ஆமான்னு தலைய ஆட்டுறாங்க. கடைசில அம்மா பக்கத்துல இன்னொரு பெட்டி... அதுல அப்பா. பிரவுன் ஸ்வெட்டரு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, காதெல்லாம் சேறு. அப்பா எப்ப செத்தாரு? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல? பரவால்லண்ணே. எனக்கு அழுக வரல."

யேசுரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். தான் போட்டிருந்த பிரவுன் ஸ்வெட்டரின் கையை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

உலர்ந்துதான் இருந்தது.

கூரைத் தகரத்தில் டக்கென்று ஒரு துளி... பிறகு இன்னொன்று.