டெஸ்ட்தானே என்று கேட்டவருக்கு நான் காட்டிய சைகை

பெயர் வெண்டல் ஷ்ராக். தகப்பனார் ஆல்வின் ஷ்ராக், காலமாகிவிட்டார். வயது ஐம்பத்தேழு. கான்சாஸ் மாநிலம் ஹார்லன் ஃபோர்க் ஊரில் எல்ம் தெருவில் குடியிருந்து வருகிறேன். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். மனைவி பிரிந்து போய்விட்டார். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. சூறாவளிக்கு மறுநாள் நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொல்லி, இதைப் பதிவு செய்யும்படி நானே வந்து கேட்டுக்கொண்டேன்.

எனக்குப் பழைய அபாயச் சைரன்கள் மேல் பைத்தியம். அணுகுண்டுக்குப் பயந்த காலத்தில் ஊர் ஊராகக் கம்பத்தில் ஏற்றினார்களே, அவை. குண்டு வரவில்லை, சூறாவளிதான் வந்தது, அதனால் அப்படியே நின்றுவிட்டன. என்னைப் போன்றவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவற்றின் சத்தத்தைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம், எந்தக் காலத்து மோட்டார் என்று குரலை வைத்தே சண்டை போடுவோம். தலை நரைத்தவன் செய்கிற வேலையா என்றால் இல்லைதான். எங்கள் ஊர்ச் சைரன் தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் நிற்கிறது. மஞ்சள் நிறம், தலையைச் சுழற்றிச் சுழற்றி ஊளையிடும் வகை. அதை இந்தக் கோடையில் இறக்கிவிட்டு மின்னணுப் பெட்டி ஒன்றை வைக்க முடிவாகியிருந்தது.

புதன்கிழமை நண்பகலில் ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு அதைச் சோதிப்பார்கள். ஊரில் டெஸ்ட் என்போம். நான் தவறாமல் மைக்கும் ஹெட்ஃபோனுமாகக் கம்பத்தடியில் நிற்பேன். கம்பத்துக்கு எதிர்வீட்டில் டார்லா ப்ரோஹாஸ்கா என்பவர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஃபீனிக்ஸிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வாசற்படியில் நின்று என்னைச் சீண்டுவார். "என்ன வெண்டல், உங்க ஆளு இன்னிக்குப் பாடுறாளா? தொண்டை கட்டியிருக்கப் போகுது, வெந்நி குடுத்தீங்களா?" என்பார். சைரன் எழுந்ததும் பேச்சுச் சத்தம் பதிவில் விழாமலிருக்க நான் உதட்டில் விரலை வைப்பேன். அவரும் தன் உதட்டில் விரலை வைத்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். இது எங்களுக்குள் வாடிக்கை.

சம்பவ நாளும் புதன்கிழமை. தென்மேற்கில் மேகம் பச்சை பூத்துக் கிடந்தது. கைப்பேசிகளுக்குக் காலையிலிருந்தே சிக்னல் இல்லை. வானம் மோசமாக இருந்தால் டெஸ்ட் கிடையாது. இது இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். டார்லாவுக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. அன்று பதிவுக்கு வேலையில்லை என்று தெரிந்தும் நான் மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஒருவேளை நிஜமாகவே ஒலித்தால் என்று போனேன். நண்பகலில் சைரன் எழுந்தது. இது டெஸ்ட் இல்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். நிஜ எச்சரிக்கை மூன்று நிமிடம் ஒலிக்கும். இந்தச் சைரனின் முழு மூன்று நிமிடப் பதிவு எங்கள் கூட்டத்தில் யாரிடமும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்தப் புத்தி.

அதன் பின்னர் டார்லா கைதுடைக்கும் துணியோடு வாசற்படிக்கு வந்தார். அவர் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் ஒருவனான நான்கு வயது கிரிஃபின் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். சைரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "வெண்டல், இது டெஸ்ட்தானே?" என்று கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் விரலை வைத்தேன். அதன் பின்னர் அவர் தலையாட்டிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து மாக்கரோனி பரிமாறுவதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சூறாவளிக்குப் பதுங்க அந்த வீட்டுக்கு நிலவறை உண்டு. அதுவும் எனக்குத் தெரியும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சைரன் உடனே அடங்காது, முனகிக்கொண்டே இறங்கும். எங்களுக்கு அந்த முனகல்தான் உயிர். ஒரு இருமல் விழுந்தாலும் பதிவு கெட்டுவிடும். முழுக்க அடங்கும்வரை நின்றேன். அதன் பின்னர் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மைக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, டார்லா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் தீயணைப்பு நிலையத்தின் நிலவறைக்கு ஓடினேன். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். இந்நேரம் அவரே புரிந்துகொண்டு கீழே இறங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காற்று போன பின்னர் நானும் தீயணைப்பு நிலையத்துக்காரர்களும் மேலே வந்தோம். டார்லா வீட்டுச் சமையலறைச் சுவர் மேசை மேல் விழுந்திருந்தது. மற்ற பிள்ளைகளுக்குச் சிராய்ப்புகள். கிரிஃபினின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடிபாட்டை அகற்றியவர்களில் நானும் ஒருவன். அதை என் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் யாரையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதன் பின்னர் வீட்டுக்குப் போய், பதிவில் டார்லாவின் குரல் வந்த இடத்தை வெட்டி ஒட்டிவிட்டு, இண்டியானாவிலுள்ள என் சினேகிதர் ராஸ் டெல்காடோவுக்கு அனுப்பினேன். அவர் போன் செய்து, "யோவ், ஒரு ஈ கூடக் குறுக்க வரலியே. எப்பிடிய்யா புடிச்சே?" என்றார். நன்றி என்றேன்.

அதன் பின்னர் டார்லா மேல் பிள்ளைகளை அலட்சியமாக வைத்திருந்ததாக வழக்குப் பதிவானது தெரியவந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கான உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள். சைரன் மூன்று நிமிடம் அலறியும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த பெண் என்று ஊர் பேசியது. எதிரே நின்றவர் டெஸ்ட் என்று சைகை காட்டினார் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வெட்டாத பதிவில் அவர் கேட்ட கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. விரலுக்குச் சத்தம் கிடையாது. பதிவை மட்டும் கொடுத்தால் அது அவருக்கு எதிராகவே போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் டார்லா என்னிடம் வந்தார். மெலிந்திருந்தார். "வெண்டல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க கை காட்டினீங்கல்ல? எங்க வக்கீல், நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு சொல்றாரு. எனக்கும் இப்ப நிச்சயமாத் தெரியல. ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுது" என்றார். நான், "ஞாபகம் இல்ல, டார்லா" என்றேன். அவர், "சரி, அப்ப நான்தான். உங்களப் போயி இதுல இழுத்துவிட்டேன் பாருங்க. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.  அப்போது எனக்கு வந்ததற்கு வெட்கம் என்ற சொல் போதாது.

வெட்டாத பதிவை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன். அவர் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஒரு முறை வாய்விட்டுக் கேட்டார், மறுமுறை கேட்பது போல் பார்த்தார், இரண்டு முறையும் நான் விரலை வைத்தேன். இதை நீதிமன்றத்தில் அவர் முன்னால் நின்று சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல மனிதர், ஓரிடத்தில் "விபரீதம் அறியாமல் சைகை செய்தேன்" என்று எழுதியிருந்தார். "விபரீதம் அறியாமல்" என்ற சொற்களை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன். மீதி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) வெண்டல் ஷ்ராக்