வியாழக்கிழமைச் செபம்

என் கைப் பிளேன்ரீ நன்றாக இருக்கும் என்று உடுவிலில் எங்கள் சபையார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர். விசாரணையை வீட்டிலேயே வைத்திருந்தால் உங்களுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பேன்.

அந்த வீட்டில் நானும் தங்கை நிஷானியும் மட்டும்தான். இருவருமே கலியாணம் செய்யவில்லை. அவள் தேவாலயத்தில் பாட்டுகளுக்கு ஓகன் வாசிப்பவள், ஆகவே ஊருக்கே அவளைத் தெரியும். என்னை ‘நிஷானியின்ரை அக்கா’ என்பார்கள். சீலா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் சுடும்போது கொதி எண்ணெய் அவளுடைய வலக்கையில் கொட்டிவிட்டது. அது விபத்து, அதில் என்னைச் சந்தேகப்பட வேண்டாம். தொடையில் தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். ஒட்டாத இடங்களுக்குப் பூச ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதில் வளர்ச்சிக் காரணி இருக்கிறது, புதுத் தோல் வளர அதுதான் தூண்டும் என்றார் டொக்டர் கேதீஸ்வரன்.

“பிரிட்ஜின்ரை கீழ்த்தட்டிலை வையுங்கோ. உறைஞ்சால் மருந்து செத்துப்போம். புண் கெதியா மூடாட்டி விரல் மடங்கிப்போம், பிறகு அவ ஓகன் வாசிக்கேலாது.”

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி இருக்கும் வீட்டில்தான் வியாழக்கிழமைச் செபம் நடக்கும். சுகம் வந்ததும் நன்றிச் செபம் வைத்துவிட்டு அடுத்த நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஹோல் நிறைந்தது. “கர்த்தாவே, சகோதரி சீலாவின் கைகளைப் பலப்படுத்தும்” என்று போதகர் கிறிஸ்ரோபர் செபித்தார். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் தடவை மருந்தை ஐஸ் தட்டில் வைத்தது தவறுதலாகத்தான். எடுத்து இளகவிட்டேன், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. புண் அப்படியே கிடந்தது, சனமும் வந்துகொண்டிருந்தது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு ரியூப்பையும் வேண்டுமென்றே உறையவைத்தேன். ஆனால் பூசும்போது மிக மெதுவாகத்தான் பூசுவேன். “உங்கடை கை பஞ்சு மாதிரி, அக்கா” என்பாள்.

டொக்டர் மறுபடியும் தோல் ஒட்டினார். அதுவும் பிடிக்கவில்லை.

“நான் என்ன பாவம் செய்தனான், அக்கா?” என்று கேட்டாள் நிஷானி. பாவத்துக்கும் புண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று ஆறுதல் சொன்னேன். பொய் சொல்லவில்லையே.

கடைசியில் புண் தன்பாட்டில் மூடியது, மூன்று விரல்களை உள்ளங்கையோடு இழுத்து வைத்துக்கொண்டு. அதற்கும் நன்றிச் செபம் வைத்தார்கள். அவர்கள் பாடப் பாட அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த கிழமை செல்வத்துரை அண்ணை வீட்டை. அவருக்குப் பாரிசவாதம்” என்று சொல்லிவிட்டுப் போதகர் செருப்பைப் போட்டார். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்ஸ்பெக்டர், அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் தாச்சியில் எண்ணெய் காயவைத்தேன். வடை சுட உதவி வேண்டும் என்று அவளைக் குசினிக்குக் கூப்பிட்டேன்.

“இந்தக் கையோடை நான் என்ன உதவி செய்யிறது?”

“இடது கை நல்லாத்தானே கிடக்கு. நீட்டு” என்றேன். நீட்டினாள்.

ஊற்றியது நான்தான். ஆனால் அவள் கத்தியபோது தாங்கிப் பிடிக்க அந்த வீட்டில் என்னைவிட்டால் வேறு ஒருவரும் இருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.