யாருக்கும் சேராத தண்ணி

— நடு ஆத்துல வச்சா மட்டும் செல்லும்னு யார் சொன்னது, சிஸ்டர்?

— செல்லும்னு யாரும் சொல்லலண்ணே. இந்தக் கரை ஒரு பிஷப்போட எல்லை. அந்தக் கரை இன்னொருத்தரோடது. நடுவுல ஓடற தண்ணி மட்டும் யாருக்கும் சேராது. அதனாலதான் பொம்பளைங்களையும் ஃபாதராக்கற குருப்பட்டம் கொடுக்க இந்த இடத்தைப் புடிச்சிருக்காங்க.

— அடேங்கப்பா! சொல்லப்போனா, நாப்பது வருஷமா இதுலதான் துடுப்புப் போடறேன். இது யாருக்கும் சேராத எடம்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் வளைச்சுப் போட்டிருப்பேன்.

— வளைச்சுப் போட்டு?

— நடுவுல படகை நிறுத்தித் தூங்கியிருப்பேன். வீட்டுக்காரி கூப்பிடற சத்தம் அங்க எட்டாது பாருங்க.

— இந்தப் பனியில எப்படிண்ணே வழி தெரியுது? நீட்டின கையே எனக்குத் தெரியல.

— கண்ணாலயா ஓட்டறேன்? தண்ணி சொல்லும். ஆழத்துல ஒரு சத்தம், மேட்டுல ஒரு சத்தம். விடிஞ்சதும் மத்த ஆறு பேரைக் கொண்டுபோய் அந்தப் பெரிய லாஞ்சுல விட்டேனே, அப்ப இதைவிட மோசம். ஒரு டீச்சரம்மா, ஒரு தையக்காரம்மா, மத்தவங்க முகம் நெனப்பில்ல. ஒவ்வொருத்தரா ஏணியில ஏறினாங்க. முதல்ல தலை மறைஞ்சுது, அப்புறம் இடுப்பு, கடைசியில செருப்பு. என்னமோ மேகத்துக்குள்ள ஆளு ஏத்திவிட்ட மாதிரி எனக்கே தலை கிறுகிறுன்னு ஆயிடுச்சு. மேல இருந்து ஒரு கிழட்டுக் குரல், ‘ஏழாவது ஆள் எங்கே?’ன்னுச்சு.

— அவர்தான் பட்டம் கொடுக்க வந்த பிஷப். எண்பத்துநாலு வயசு. எங்கிருந்தோ வந்திருக்கார், பேரைக்கூட எங்ககிட்ட சொல்லல. எட்டு மணிக்கு லாஞ்சு கிளம்பிடும். இன்னொரு தடவை அவர் வர முடியாது.

— நீங்க ஏன் முந்தின நடையிலயே வரல? ஆஸ்பத்திரியில டூட்டியா?

— இல்ல. அஞ்சரைக்கே வந்துட்டேன். நீங்க அவங்களை ஏத்தறப்ப படகுத்துறைக் கொட்டகைக்குப் பின்னாலதான் நின்னேன். கால் நகரல.

— பயமா?

— என்னமோ. அந்த லாஞ்சுல பட்டம் வாங்கின நிமிஷமே நான் சபைக்கு வெளியில. கடுதாசி போட்டுச் சொல்ல வேண்டியதில்ல, தானா ஆயிடும். விலக்கப்பட்டவ. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா நன்மை கிடையாது, அந்த அப்பத்தை எனக்குக் கொடுக்க மாட்டாங்க. செத்தா எனக்குப் பூசை கிடையாது.

— இவ்வளவும் தெரிஞ்சு எதுக்கும்மா இந்த வேலை? சொல்லப்போனா, ஏசுசாமி பன்னெண்டு பேரையும் ஆம்பளையாதானே எடுத்தாரு?

— பன்னெண்டு பேரும் யூதருங்க. நம்ம கோயில் ஃபாதர் யூதரா?

— அது... இல்ல.

— அதுல பலபேரு கல்யாணம் ஆனவங்க. பாதிப்பேரு வலை வீசினவங்க.

— அப்படிப் பார்த்தா என்னையில்ல கூப்பிட்டிருக்கணும்! வலையும் இருக்கு, கல்யாணமும் ஆயிடுச்சு. நல்லா மடக்கறீங்க சிஸ்டர். ஆனா இதெல்லாம் பெரியவங்க யோசிக்காமலா இருப்பாங்க?

— யோசிச்சிருக்காங்க. என் தம்பியே ஒரு ஃபாதர்தான். போன வாரம் வந்து மூணு மணி நேரம் உக்காந்து பேசினான். ‘அக்கா, பீடத்துல நிக்கறவன் கிறிஸ்துவோட இடத்துல நிக்கறான். ஆம்பளையா வந்தவரோட இடத்துல பொம்பளை நின்னா அடையாளம் மாறிடும்’னான். ‘செத்துக்கிட்டிருக்கறவனுக்கு வாயில தண்ணி ஊத்தறப்ப நான் யாரோட இடத்துலடா நிக்கறேன்?’னு கேட்டேன். எந்திரிச்சுட்டான். ஆனா போறப்ப வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னான்.

— என்ன சொன்னாரு?

— ‘உனக்கு ஆசை இருக்கு, தகுதியும் இருக்கு. ஆனா தேவ அழைத்தல்ங்கறது நம்மளா எடுத்துக்கறது இல்லக்கா. நம்மளைக் கூப்பிடணும். உன்னை யார் கூப்பிட்டா?’ன்னான். சின்னப் பிள்ளையில நான் தோள்ல தூக்கிச் சுமந்தவன். கண்ணு கலங்கித்தான் கேட்டான்.

— ம்... கேள்வி கொஞ்சம் கூர்தான்.

— அதைத்தான் கொட்டகைக்குப் பின்னால நின்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

— எப்ப இருந்தும்மா இந்த ஆசை?

— பதினொரு வருஷம். எங்க வார்டு தெரியுமில்ல, மாடியில, கடைசிக் கட்டத்துல இருக்கறவங்களைப் போடற வார்டு. ஏழாம் நம்பர் கட்டில்ல ஒருத்தர். அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவர், விரல் நுனியெல்லாம் கருப்பா இருக்கும். ஒருநாள் மத்தியானம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, தன் வாழ்க்கையில செஞ்ச அத்தனையையும் கொட்டித் தீர்த்துட்டார். முடிச்சுட்டு ‘சொல்லு’ன்னார்.

— என்ன சொல்லணும்?

— பாவசங்கீர்த்தனம் கேட்டதும் சாமியார் சொல்ற வார்த்தை இருக்கில்ல, ‘உன் பாவங்களை மன்னிக்கிறேன்’னு. அது. எனக்கு அது தலைகீழா மனப்பாடம். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் சொல்லக்கூடாதே. ‘ஃபாதருக்கு ஃபோன் பண்ணியாச்சு, இதோ வந்துடுவார்’னேன். ஃபாதர் ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டார். வந்து சேர ஒண்ணே முக்கால் மணி நேரம். அதுக்குள்ள அவர் என் வாயையே பார்த்துக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார்.

— ஐயோ பாவம்.

— முழுங்கின அந்த வார்த்தை இன்னும் இங்க, தொண்டையிலயே நிக்குதுண்ணே. அதுக்கப்புறம் ஒரே கனா. வார்டுல துணி அடுக்கற ரூம் இருக்கு, சின்ன ரூம். கனாவுல அது போய்க்கிட்டே இருக்கு, முடிவே இல்ல. கட்டில் விரிப்பு எல்லாம் வெள்ளை வெள்ளையா மேலேருந்து தொங்குது. செத்துப்போனவங்க எல்லாரும் துவைச்ச துணி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் முன்னாடி நின்னு வாயைத் திறக்கறேன். வார்த்தை வரல, தண்ணி வருது. தரையெல்லாம் தண்ணி. ஒருத்தரும் எந்திரிக்கல. கணுக்கால் நனைய நனையச் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க.

— இப்பக்கூட அந்தக் கனாக்குள்ள போற மாதிரிதான் இருக்கு. சுத்தி வெள்ளை, கீழ தண்ணி.

— ஆமாண்ணே. படகுல ஏறினதுலேருந்து எனக்கும் அதே நெனப்புதான்.

— ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை கோயில்ல நன்மை கொடுக்க ஃபாதர் ஒரு வரிசையில நிப்பாரு. ரெண்டாவது வரிசைக்கு நிக்கறது நீங்கதானே?

— ஆமா. அதுக்கு மட்டும் அனுமதி உண்டு.

— உங்க வரிசையில நான் வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரி வந்ததில்ல. கவனிச்சிருக்கீங்களா?

— தலைக்கு நீலத்துணி போட்டுக்கிட்டு, நிமிராம வருவாங்களே, அவங்களா? ஃபாதர் வரிசை வாசல் வரைக்கும் நீண்டாலும் அங்கதான் நிப்பாங்க. ஒருநாள் என் வரிசையில ஆளே இல்ல. நான் சும்மா கிண்ணத்தோட நிக்கறேன். அவங்க என்னை ஒரு பார்வை பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

— அவளேதான். பீடத்துணி பூரா இருபத்தாறு வருஷமா அவதான் துவைக்கிறா. ‘நீ துவைச்ச துணி பீடத்துல கெடக்கலாம், ஒரு பொம்பளை மட்டும் நிக்கக்கூடாதா?’ன்னு வம்புக்குக் கேட்டேன். ‘துணி சட்டத்துல இருக்கு, பொம்பளை இல்ல’ன்னுட்டா. சட்டம்னா சட்டம் அவளுக்கு. சோத்துல உப்புக் கம்மின்னாகூட நான் மேல்கோர்ட்டுக்குத்தான் போகணும்.

— ரெண்டு மாசமா அவங்களைக் கோயில்ல பார்க்கல. உடம்பு சரியில்லயா?

— நுரையீரல் போச்சு. படுத்த படுக்கை. டாக்டர் ரெண்டு நாள், மிஞ்சினா மூணுங்கறாரு.

— அண்ணே! இதை வச்சுக்கிட்டா காலையிலேருந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு வர்றீங்க?

— பேச்சை நிறுத்தினா கை ஓடாது சிஸ்டர். கையை நிறுத்தினா... சரி, விடுங்க.

— ஃபாதர் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தாரா?

— எங்க வர்றது? ஒத்தை ஆளு, ஆறு கோயில். இப்ப ஏதோ கூட்டம்னு வெளியூரு போயிருக்காரு, அடுத்த சனிக்கிழமைதான் வருவாரு. பக்கத்து ஊரு ஃபாதருக்கு நாலு நாளா ஃபோன் அடிக்கிறேன், எடுக்க ஆளில்ல. அவ மனசுல என்னமோ ஒண்ணு கெடக்கு சிஸ்டர். முப்பத்தொரு வருஷமா யாருகிட்டயும் சொல்லாதது. அதைச் சொல்லாம கண்ணை மூட மாட்டேங்கறா.

— உங்ககிட்டகூடச் சொல்லலயா?

— ‘எதுவா இருந்தாலும் நான் மன்னிச்சுட்டேன்டி’ன்னு சொல்லிப் பார்த்தேன். ‘உன் மன்னிப்பை யாரு கேட்டா?’ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

— என்னவா இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது. சொல்லப்போனா... தெரியாதுன்னே வச்சுக்கங்க. அது எனக்கு வேண்டாம். அவ நெஞ்சு மேல இருக்கற கல்லு இறங்கினா போதும்.

— நான் மத்தியானம் வந்து அவங்களைப் பார்க்கட்டுமா?

— அதுலதான் சிக்கல். நேத்து சாயங்காலம் கேட்டா, ‘காலையில யாருக்கு நடை?’ன்னு. இந்த மாதிரி பொம்பளைங்களுக்குப் பட்டம் கொடுக்கறாங்களாம்னு சொன்னேன். எண்ணெயில தண்ணி பட்ட மாதிரி பொரியப்போறான்னு நெனச்சேன். போர்வையை இழுத்துவிட்டுக்கிட்டா. அப்புறம் மெதுவா, ‘அந்த ஆஸ்பத்திரிக்காரியும் போறாளா?’ன்னா. ஆமான்னேன். ‘அப்படின்னா அதுக்கு முன்னாடி அவளைக் கூட்டிக்கிட்டு வா’ன்னா.

— முன்னாடியா?

— நானும் அதேதான் கேட்டேன். ‘போயிட்டு வந்தா அவ விலக்கப்பட்டவ. அவகிட்ட நான் பேசக்கூடாது. சட்டம்’னா.

— ஏசுவே.

— சிரிக்கிறீங்களா, அழறீங்களா? பனியில ஒண்ணும் தெரியல.

— எனக்கே தெரியலண்ணே. ஆனா அவங்களுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? பட்டமும் இல்ல, மன்னிக்கிற அதிகாரமும் இல்ல.

— அதெல்லாம் அவளுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். ‘மன்னிக்கறதெல்லாம் அவ வேலை இல்ல. நான் சொல்றதை வாங்கி வச்சுக்கட்டும். மிச்சத்தை நான் நேரா மேல போய்ப் பார்த்துக்கறேன்’னா. ‘ஃபாதருங்க எவ்வளவோ பேரு வருவாங்க, போவாங்க. அவ கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு யாருமே வராத வரிசையில கடைசி வரைக்கும் நின்னா. அவகிட்ட கொடுத்தா கீழ போடமாட்டா’ன்னா.

— அவங்களா அப்படிச் சொன்னாங்க?

— சொல்லிட்டு, ‘நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே’ன்னும் சொன்னா.

— மணி என்னண்ணே?

— ஏழரை இருக்கும்... சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— சொல்லுங்க.

— நாம இப்ப லாஞ்சுக்குப் போகல. வீட்டுக்காரி பேச்சை எடுத்தப்பவே படகைத் திருப்பிட்டேன். கேக்கணும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். இதோ, படகு தட்டுதே, இது எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கற படிக்கட்டு. உங்க பதினொரு வருஷத்தை நான் திருடக்கூடாது. இப்பச் சொன்னாலும் போதும், நெஞ்சு வெடிச்சாலும் எட்டுக்குள்ள உங்களைக் கொண்டுபோய் ஏத்திவிட்டுடுவேன்.

— திருப்பினது எனக்குத் தெரியும்ணே.

— தெரியுமா?

— அதுவரைக்கும் முகத்துல அடிச்ச ஈரக்காத்து பிடரியில அடிக்க ஆரம்பிச்சுது.

— அப்பவே தெரிஞ்சா ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?

— என்னை ஒருத்தர் கூப்பிடறாங்க, அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். கையைக் கொடுங்க, இறங்கறேன்.