சட்டியின் மூடியும் கப்பல்தலைவர் லொரென்சுவும்

தலைமையேற்று, நான் வாயைத் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய செஞ்ஞோர் கிந்தேலா அவர்களே! சான்றாண்மை மிக்க பெரியோர்களே! மத்தி சுட்ட கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! நம் ஊர்க் கப்பல்தலைவர் லொரென்சுவின் நினைவுக்கல்லில் எந்தச் சொல்லைச் செதுக்குவது என்று தெரியாமல் உளியோடு நிற்கும் கல்தச்சர் ஜெர்வாசியு அவர்களே! வணக்கம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அங்கோலாவிலிருந்து வந்து நம் துறைமுகத்தில் உணவகம் நடத்தும் தோனா தொமிங்காஷ், நேற்று இந்த வலக்கையில் அகப்பையால் ஓர் அடி போட்டார். சிரிக்காதீர்கள்; வீக்கம் இன்னும் வடியவில்லை! அவருடைய அடுக்களைக்குள் நுழைந்து, கொதிக்கும் சட்டியின் மூடியைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன்? பசியா? அப்போதுதான் அரைக்கோழியை முடித்திருந்தேன். பக்தியா? சட்டிக்குள் எந்தப் புனிதர் இருக்கிறார்? உள்ளே என்னவென்று பார்க்கும் ஆவல், பெருமக்களே, வெறும் ஆவல்! ஆனால் ஆவி மூக்கில் ஏறியது. கரண்டி கைக்கு வந்தது. ருசித்தேன். "உப்பு கம்மி" என்று தீர்ப்பும் சொன்னேன். ஜன்னல் வழியே நண்பர்களைக் கூப்பிட்டேன்.

விழுந்தது அடி.

"யாரைக் கேட்டுய்யா திறந்தே?"

"சும்மா... கண்டுபிடிச்சேன், தோனா."

"கண்டுபிடிச்சியா? என் சட்டி தொலைஞ்சா போச்சு? காலையிலேருந்து பக்கத்துலயே நின்னு கிண்டிக்கிட்டிருக்கேன்!"

நம் போர்த்துகீசிய மொழியில் மூடியைத் திறப்பதற்கும் நாட்டைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரே சொல்தானே! தோனாவின் முன்னோர் அங்கோலாவில் மீன்பிடித்த கழிமுகத்தை அந்தக் காலத்தில் கப்பல்தலைவர் லொரென்சு 'கண்டுபிடித்தார்' என்று, இந்தத் தோனாவின் கடைவாசலுக்கு எதிரிலேயே கல் நடப்போகிறோம்.

"தினம் கதவைத் திறந்ததும் அந்தச் சொல்லுலயா முழிக்கணும்? செதுக்குங்க. கடையை மூடிட்டு லிஸ்பனுக்கு மக வீட்டுக்குப் போயிடறேன்."

பின்வரிசையில் யாரோ, "அப்ப கோழிக்குழம்பு?" என்கிறார். அதுதான் ஐயா எனக்கும் கவலை!

லொரென்சு ஏன் போனார்? வேதம் பரப்ப என்கிறார் பங்குத்தந்தை. மிளகுக்காக என்கிறார் மளிகைக்காரர். புகழுக்காக என்கிறார் ஆசிரியர். அடி வாங்கிய நான் சொல்கிறேன்: புறப்படும்போது ஆவல், போய்ச் சேர்ந்ததும் ஆசை, ஆசை முற்றியதும் ஆணை! எட்டிப் பார்த்தவன் எடுத்துத் தின்றான்! எடுத்துத் தின்றவன் வீட்டுக்காரரையே வேலை வாங்கினான்! வேலை வாங்கியவன் விலங்கு பூட்டி விற்றான்! அங்கே அடுப்பு எரிந்தது கண்ணில் படவில்லையா? பிள்ளை அழுதது காதில் விழவில்லையா?

ஜெர்வாசியு அவர்களே! 'கண்டுபிடித்தார்' வேண்டாம். 'வந்து சேர்ந்தார்' என்று செதுக்குங்கள்! வீடும் வீட்டுக்காரரும் முன்பே இருந்தார்கள் என்பதைக் கல்லே சொல்லட்டும்! தலைவர் அவர்களே, சம்மதமா?... ஆட்டிவிட்டார், தலையை ஆட்டிவிட்டார்! அதோ, வாசலோரம் நிற்கும் தோனா தொமிங்காஷ் குரல் கொடுக்கிறார்: "எழுத்து பெருசா இருக்கட்டும்!"

இருக்கும் தாயே, இருக்கும்! பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. கைதட்டிய கரங்களுக்கு என் வணக்கம்.

உட்காருமுன் ஒரு சின்னத் தகவல். லொரென்சு எந்த நாட்டையும் தேடிப் புறப்படவே இல்லையாம். சூரை மீனைத் துரத்திப் போனவரைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். கரையேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நம்ம ஊருக்கு எப்படிப் போகணும்?"